துண்டு அத்தையும் வராத ஆடும்

ஒரு பெண்ணுக்கு உடம்பு பார்ப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணிய ஆள் இந்தப் பூலோகத்திலேயே ஒருத்திதான். அறுபதுகளில் எங்கள் திண்டுக்கல் தெருவில் இருந்த துண்டு அத்தை. டாக்டரில்லை, நர்ஸில்லை, அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுத் தரகு. தோளில் எந்நேரமும் ஒரு காசித்துண்டு கிடக்கும். நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை.

சந்தையில் தரகர்கள் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இரண்டு பேர் கைமேலும் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு எழவும் தெரியாது.

அத்தையின் தங்கை மார்பில் கட்டி வந்து, வெட்கப்பட்டுச் சேலையால் மூடிமூடியே செத்துப்போனாள். "ஆட்டு மடியில கட்டின்னா தூரத்துல நின்னே சொல்லிருவேன். கூடப் பொறந்தவளுக்குத் தெரியாமப் போச்சே!" என்று அத்தை மூன்று நாள் சோறு தின்னவில்லை. நாலாம் நாள் எழுந்தாள், தெருப் பொம்பளைகள் அத்தனை பேரையும் சோதிக்க.

பல்லைப் பார்த்து ஆட்டுக்கு வயசு சொல்கிற பழக்க தோஷம், முதலில் பல். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கே வந்து தலைமையாசிரியை தாடையைப் பிடித்து, "வாயத் தெற தாயி" என்றாள். அத்தைக்கு நல்ல டோஸ் விழும் என்று காத்திருந்தோம். பார்த்தால், எங்களை அதட்டியே பழகின அந்த வாய் ஆவென்று திறந்து நிற்கிறது! "ம், வயசு கொஞ்சம் கூடத்தான். உள்ள வா" என்று அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

முடிவையும் வாயால் சொல்லமாட்டாள். வீட்டுக்குள் சொன்னால் மாமியார் காதில் விழுமாம். அதனால் நடுத்தெருக் குழாயடியில் நின்று துண்டைப் போடுவாள். சுண்டுவிரலைப் பிடித்தால் ஒன்றுமில்லை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

துண்டுக்குள் கை என்றால் ஆம்பளைகளுக்கு என்ன தோன்றும்? பெண்டாட்டி ரகசியமாக ஆடு வாங்குகிறாள்! தபாலாபீஸ் கிளார்க் கொல்லையில் பட்டியே அடைத்துவிட்டார். எதிர்வீட்டு வாத்தியார், "கிடாயா பெட்டையா, அதையாச்சும் சொல்லேன்" என்று மனைவியிடம் கெஞ்சினார். பெண்கள் யாரும் மூச்சுவிடவில்லை.

ஒருநாள் என் அக்காவின் ஐந்து விரலையும் அத்தை பிடித்தாள். பிடித்த கையை விடவே இல்லை.

அக்கா வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். "செத்தாலும் சாவேன், எந்த டாக்டர்கிட்டயும் காட்டமாட்டேன்" என்று என்னிடம் அழுதாள். மச்சானிடம் சொல்லக்கூடாதென்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அவரோ ஆடு வரப்போகிற குஷியில் அகத்திக்கீரை தேடிக்கொண்டிருந்தார். அக்காவும் அத்தையின் தங்கை போன வழியே போய்விடுவாளோ?

நான் ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அவள் நேரே மச்சானிடம் போனாள். "அப்பு, ஆடு மதுரையில நிக்கிது. அவ வந்து கைவச்சாத்தான் குடுப்பாகளாம். ரெண்டு பேரும் கெளம்புங்க."

மச்சான் கயிறும் கீரைக்கட்டுமாகக் கிளம்பிவிட்டார். அவர் முன்னால் உண்மையைச் சொல்லவும் முடியாமல், வரமாட்டேன் என்று மறுக்கவும் முடியாமல் அக்கா முழித்தாள். துணைக்கு அத்தையும் நானும் போனோம். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். "இங்க ஏது ஆடு?" என்றார் மச்சான். அத்தை அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, மார்பையே எடுக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது என்றார். அத்தை சட்டென்று டாக்டரம்மாவின் கைமேல் துண்டைப் போட்டாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"கொஞ்சம் கொறச்சு எடுங்க தாயி" என்று இரண்டு விரலைப் பிடித்தாள்.

டாக்டரம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. துண்டுக்குள்ளேயே அத்தையின் கையை முழுசாக இறுக்கிப் பிடித்தார். இருபது வருஷமாக எவனிடமும் பேரத்தில் தோற்காத அத்தை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரித்தா. முழுசா எடுத்துருங்க. ஆளை மட்டும் குடுத்துருங்க" என்றாள்.

அக்கா அப்போதும் தலையாட்டவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் கீரைக்கட்டை நர்ஸின் மேஜையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆடும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீ வீட்டுக்கு வந்தாப் போதும்டி" என்று அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊரு பாக்குது, எந்திரிங்க" என்றாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, சரி என்றாள்.

ஆபரேஷன் ஆயிற்று. அப்புறம் கட்டி திரும்ப வராமலிருக்கக் கரண்டு வைப்பது என்பார்களே, அதுவும் ஆயிற்று. சரியாகிவிடும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நாங்களும் கேட்கப் பயந்து கேட்காமலே இருந்தோம்.

அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. நேற்றுக்கூட அக்கா என் சமையலறைக்குள் வந்து, "இம்புட்டு உப்பா போடுவ? கெழவியாகியும் வெஞ்சனம் வைக்கத் தெரியல" என்று ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தாள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்று இருந்தது. மகராசி அத்தை, இவளை எனக்கு மீட்டுக் கொடுத்துவிட்டல்லவா போனாள்.