கத்தரிக்கோல் டீச்சரும் கிளிப்பச்சைச் சேலையும்

சிங்கப்பூர்த் தமிழர்களை நான் இரண்டே வகையாகப் பிரிப்பேன். கத்தரிக்கோல் டீச்சரிடம் ஏற்கெனவே சட்டையைப் பறிகொடுத்தவர்கள் ஒரு வகை. இனிமேல் பறிகொடுக்கப் போகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னால், அவர் பாலியெஸ்டர் போடுகிறவராகத்தான் இருப்பார். டீச்சர் பாலியெஸ்டரைத் துணியாகவே மதிப்பதில்லை.

அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. பள்ளி அடையாள அட்டையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எனக்கு இரண்டு மாடி மேலே வீடு. பள்ளியில் எனக்குப் பக்கத்து மேசை. இருவரும் தமிழாசிரியர்கள். வீட்டிலும் தப்ப வழியில்லை, வேலையிடத்திலும் தப்ப வழியில்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் செய்வது ஒட்டுப்போர்வை. சின்னச் சின்னத் துணித்துண்டுகளை வெட்டி, சேர்த்து, ஒரு பெரிய கோலம்போல ஆக்கி, அடியில் பஞ்சும் அதற்கடியில் இன்னொரு துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கிற வேலை. முகத்தில் வெயில் சுடச்சுட அடிக்கிற ஊரில் போர்வையா என்று எல்லோரும் கேட்பது போல நானும் கேட்டேன்.

"யாருக்கு டீச்சர் போர்த்தப்போறீங்க?"

"சுவத்துக்கு சார். பாவம், அது மட்டும் சும்மாவே நிக்குது."

அவருடைய கைப்பையில் எப்போதும் மூன்று கத்தரிக்கோல்கள் இருக்கும். துணிக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. எங்கள் துறைத்தலைவர் ஒருநாள் தெரியாத்தனமாகத் துணிக்கத்தரியை எடுத்துப் பிறந்தநாள் அட்டை வெட்டிவிட்டார். ஆசிரியர் அறையில் அன்று எழவு விழுந்த மாதிரி இருந்தது. டீச்சர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "மேடம், என் வீட்டுக்காரரோட டூத்பிரஷ் வேணுமா, எடுத்துக்குங்க. இதை மட்டும் தொடாதீங்க லா!" என்றார். துறைத்தலைவர் அதற்குப் பிறகு எதை வெட்டுவதாக இருந்தாலும் கையால் கிழிக்கப் பழகிக்கொண்டார்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். கப்பலில் பொறியாளர், தங்கமான மனிதர். மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அலமாரியில் சட்டைகள் குறைந்திருக்கும். ஒருநாள் மின்தூக்கியில் என்னைப் பார்த்தவர் ரகசியம்போலச் சொன்னார்: "சார், பாலியெஸ்டருக்கு மாறிடுங்க. எங்க வீட்டுல அதுதான் உயிரோட இருக்கு."

நான் கேட்கவில்லை. பருத்திச் சட்டையில் நல்ல கடல்நீலத்தில் ஒன்று போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். டீச்சர் எழுந்து வந்து சட்டையின் கையைத் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒரு பரவசம். என் வாழ்க்கையில் என் மனைவி உட்பட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"சார், இந்த நீலம் எனக்குக் கிடைக்கவே மாட்டேங்குது. தேக்கா மார்க்கெட் மாடியில உள்ள அத்தனை தையல்காரங்க கிட்டயும் கேட்டுட்டேன்."

"கடை பேர் சொல்றேன் டீச்சர், வாங்கிக்குங்க."

"புதுசு வேணாம் சார். துவைச்சுத் துவைச்சு இறங்கின நீலம் வேணும். பின்னாடி வால் இருக்குல்ல, உள்ள சொருகுற பகுதி? அதை யார் பாக்கப்போறா?"

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் கறுக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வாலில்லாச் சட்டையோடு அன்று மூன்று வகுப்பு எடுத்தேன். கரும்பலகையில் உயரமாக எழுதவேண்டி வந்தபோதெல்லாம் மாணவர்களை எழுதச் சொன்னேன்.

பாடம் நடத்துவதிலும் அதே கைதான். மாணவர்களின் கட்டுரையை மற்றவர்கள் சிவப்பு மையால் திருத்துவோம். டீச்சர் வெட்டுவார். நிஜமாகவே பத்தி பத்தியாக வெட்டி, மேசையில் பரப்பி, இடம் மாற்றி ஒட்டிக் கொடுப்பார். ஒரு பையனின் அம்மா கோபமாகப் பள்ளிக்கே வந்துவிட்டார். "டீச்சர், என் பையன் கட்டுரையை வெட்டிப்போட்டுட்டீங்களாமே?"

"வெட்டிப் போடலம்மா. வெட்டிச் சேர்த்திருக்கேன். படிச்சுப் பாருங்க."

அந்த அம்மா நின்றபடியே படித்தார். அப்புறம் உட்கார்ந்து படித்தார். "இதை இவனா எழுதினான்?" என்றார். "எழுத்து எல்லாம் அவனோடதுதான். தையல் மட்டும் என்னோடது" என்றார் டீச்சர். போகும்போது அந்த அம்மாவின் துப்பட்டாவில் ஒரு மூலை குறைந்திருந்ததாக ஒரு வதந்தி உண்டு. நான் கண்ணால் பார்க்கவில்லை.

வேலையும் வீடும் கலையும் தனித்தனி அறைகளில் இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். டீச்சர் வீட்டில் அவை ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடந்தன. சாப்பாட்டு மேசையில் தையல் இயந்திரம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டதால் குடும்பம் இஸ்திரி மேசையில் சாப்பிட்டது. ஆளுக்குத் தகுந்தபடி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்று டீச்சர் அதைப் பெருமையாக வேறு சொல்வார். திருத்திய பயிற்சித்தாள்களை வாங்கும்போது மாணவர்கள் மதிப்பெண்ணுக்கு முன்னால் குண்டூசி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டவள் டீச்சரின் ஒரே மகள் யாழினி. தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு. ஆனால் அவளும் ஒருநாள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

நடந்தது இதுதான். நகரின் நடுவில் ஒரு கலைக்கூடம் டீச்சரின் போர்வையைக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவை! புளோக் முழுக்கச் செய்தி பரவி, கீழ்த்தளக் காப்பிக்கடைக்காரர்கூட டீச்சருக்குத் தே தாரிக் தேநீரில் பால் அதிகமாக ஊற்றினார். ஒரே ஒரு நிபந்தனை. சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் போர்வை அங்கே இருக்கவேண்டும். தாண்டினால் அந்த இடம் வேறொருவருக்கு. அதே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சமூக மன்றத்தில் கதை சொல்லும் போட்டி. யாழினி கலந்துகொள்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மேலே போனபோது இஸ்திரி மேசையில் இடியாப்பம் ஆறிக்கொண்டிருந்தது. போர்வையின் ஓரம் இன்னும் ஒரு பக்கம் பாக்கி. கையால்தான் தைக்கவேண்டும். யாழினி அம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, நான் பேசும்போது நீங்க ஊசியைக் கீழ வச்சுடணும்."

"வச்சுடறேன் லா."

"போன தடவையும் இதான் சொன்னீங்க. நான் பாடி முடிச்சு நிமிந்து பாக்குறேன், நீங்க நூல் கோத்துக்கிட்டு இருக்கீங்க. எல்லாரோட அம்மாவும் ஸ்டேஜை பாத்தாங்க. என் அம்மா மட்டும் ஊசிக்காதைப் பாத்தாங்க."

கைகள் நின்றன. டீச்சரின் கைகள் தைக்காமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மகளின் தலையில் கை வைத்து, "சத்தியமா, உன் பேரைக் கூப்பிட்டதும் ஊசி கீழ. உன்னை மட்டும்தான் பாப்பேன்" என்றார். யாழினி அத்தோடு விடவில்லை. தீபாவளிச் சந்தையில் அவளே தேடிப் பிடித்து அம்மாவுக்கு வாங்கவைத்த கிளிப்பச்சைப் பருத்திச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்றாள். அந்த வீட்டில் கத்தரி படாத ஒரே துணி அது. டீச்சர் பலமுறை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பெருமூச்சுவிட்டு, மடித்து வைத்தது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை போர்வையைத் தூக்கிக்கொண்டு போகிற பொறுப்பு எனக்கு. இரட்டைக் கட்டில் அளவு, நல்ல கனம். மன்றத்தில் குளிர்சாதனம் பனிமலையாக வீசியது. டீச்சர் முந்தானையை இழுத்து மடியில் போர்த்தி, அதன்மேல் போர்வையின் ஓரத்தைப் போட்டுத் தைக்க ஆரம்பித்தார். மீதிப் போர்வை பக்கத்து நாற்காலியில் இருந்த என் மடியில். நான் ஆனந்தமாகப் போர்த்திக்கொண்டேன்.

மேடையில் பிள்ளைகள் சிங்கத்தையும் முயலையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஊசி ஓடுகிற வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம் பாக்கி. அரை முழம். நாலு விரல். "அடுத்து, யாழினி!" என்று ஒலிபெருக்கி சொன்ன அதே நொடியில் டீச்சர் முடிச்சுப் போட்டு, நூலை வெட்டி, ஊசியை என் சட்டைப்பையில் குத்தி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார். எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்!

யாழினி முதலில் அம்மாவின் கைகளைத்தான் பார்த்தாள். அப்புறம்தான் வணக்கம் சொன்னாள்.

மழை விடாத ஒரு ஊரின் கதை. குளிரில் மக்கள் நடுங்குகிறார்கள். ராணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குரல் கணீரென்று இருந்தது. "அப்போது ராணி..." என்றாள். நின்றாள். "அப்போது ராணி..." என்றாள் மறுபடியும். மறந்துவிட்டது. நடுவர்கள் பேனாவைத் தூக்கினார்கள்.

டீச்சர் துள்ளி எழுந்தார். கையை அசைத்து எதையோ நினைவூட்டத்தான் எழுந்தார். கூடவே போர்வையும் எழுந்தது! அவசரத்தில் போர்வையின் ஓரத்தோடு முந்தானையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார் மகராசி! தோளில் ஊக்கு குத்தியிருந்ததால் சேலை நழுவவில்லை. நூற்றுக்கணக்கான துண்டுகள் பளபளக்க, ஆள் உயரத்துக்கு ஒரு போர்வை அவர் தோளிலிருந்து ராஜ அங்கிபோலத் தொங்கியது. அதன் மறுமுனையில் சுற்றிக்கொண்டிருந்த நான் நாற்காலியோடு இழுபட்டுப் போய் முன்வரிசைக்காரர் முதுகில் முட்டினேன்.

யாழினி அம்மாவைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல ஏறியது.

"அப்போது ராணி எழுந்து நின்றார்!" என்றாள். அப்புறம் மனப்பாடம் எல்லாம் காற்றில் பறந்தது. "ஊர்ல உள்ள எல்லார் சட்டையிலயும் ஒரு துண்டு வெட்டிட்டாங்க! ராஜா சட்டை, மந்திரி சட்டை, கீழ்வீட்டு சாரோட சட்டை, ஒண்ணையும் விடல! எல்லாரும் கத்துனாங்க. ராணி காதுலயே வாங்கல. தச்சாங்க, தச்சாங்க, சோறு ஆறிப்போச்சு, அப்பவும் தச்சாங்க. கடைசியில பாத்தா ஊரே போத்திக்கிற அளவுக்கு ஒரு போர்வை! அந்தா நிக்குதுல்ல, அதான்!"

அரங்கமே எழுந்து தட்டியது. பரிசு கிடைக்கவில்லை. சிரிப்பிலேயே நேரம் தாண்டிவிட்டதாம். யார் கவலைப்பட்டார்கள்!

கவலை வேறு இடத்தில் இருந்தது. மணி பதினொன்று தாண்டிவிட்டது. வாசலில் டாக்சி நிற்கிறது. போர்வையும் டீச்சரும் ஒரே உடம்பாக இருக்கிறார்கள். பிரிக்கலாமா என்று நான் தையலைப் பார்த்தேன். எறும்பு நுழைய இடமில்லை. பிரிக்க உட்கார்ந்தால் சாயங்காலமாகிவிடும். சேலையை வெட்டுவதைத் தவிர வழியில்லை.

ஊரையெல்லாம் வெட்டிய கை, கத்தரியை எடுத்து முந்தானை அருகே கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டது. "முடியல சார். பாப்பா வாங்கித் தந்தது" என்றார் டீச்சர். "கண்காட்சி கிடக்கட்டும் சார். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

யாழினி கத்தரியை அம்மா கையிலிருந்து வாங்கினாள். "கொடுங்கம்மா. முந்தானைதானே, யாரு பாக்கப்போறா?"

எங்கேயோ கேட்ட வசனம்! கறுக், கறுக், கறுக். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பாத்து பாத்து, ஐயோ கோணலாப் போகுது!" என்று அலறிக்கொண்டே இருந்தார். கோணலாகத்தான் போனது. அதைச் சரிசெய்யவும் நேரமில்லை. ஓரத்தில் ஒரு கிளிப்பச்சை வால் தொங்க, பன்னிரண்டு அடிப்பதற்குச் சற்று முன்னால் போர்வையைக் கலைக்கூடத்து மேசையில் வைத்தோம். மூச்சு வாங்கியது எனக்கு. டாக்சி ஓட்டி வந்தவருக்கும் வாங்கியது. அவரும் பருத்திச் சட்டைதான் போட்டிருந்தார். டீச்சர் பார்த்துவிட்டார்.

கண்காட்சிக்கு நானும் போனேன். அந்தப் பச்சை வாலுக்கு முன்னால்தான் கூட்டம். கண்ணாடி போட்ட ஒருவர், இது எதைக் குறிக்கிறது என்று டீச்சரிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார். "ஒண்ணையும் குறிக்கல. என் பொண்ணு வெட்டுனது" என்றார் டீச்சர். உலகத்தில் வேறு யாருக்கும் பெண் குழந்தையே இல்லை என்கிற தோரணையில் சொன்னார். போர்வையின் நடுவில் மழைக்கால வானம் ஒன்று இருந்தது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். என் சட்டை வால்.

இந்த வருஷம் எனக்கு வேறு பள்ளிக்கு மாற்றலாகிவிட்டது. வீடும் மாறிவிட்டேன். இங்கே ஆசிரியர் அறையில் எல்லோரும் மிக நல்லவர்கள்; யாரும் என் சட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன வாரம் யாழினி போன் செய்து, "அங்கிள், அம்மா புதுப் போர்வை ஆரம்பிச்சுட்டாங்க, ஜாக்கிரதை!" என்றாள்.

உடனே தேக்காவுக்குப் போய் நல்ல பருத்தியில் ஒரு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன். வால் மட்டும் ஒரு சாண் நீளமாக வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.