எழுபது கஜத்துப் பர்லாங்

சசெக்ஸ் குன்றுப்புற வார மடலின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, மேல்பண்ணை ஹெப்ஸிபா பென்ஃபோல்ட் மரியாதையோடு எழுதுவது. ஆண்டவர் தயவில் நீங்களும் உங்கள் வீட்டாரும் சளி, மூட்டுவலி எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் தவிர எல்லாம் சுகம். முழங்காலுக்கும் உங்கள் பத்திரிகைதான் காரணம், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஐந்தாம் ஸ்டாண்டர்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் என் பேரன் ஆம்புரோஸ் ஏழாவது வரை படித்தவன், பெரிய எழுத்து சின்ன எழுத்து எல்லாம் வாசிப்பான். 'பழஞ்சொல் மூலை' என்று நீங்கள் போடுகிறீர்களே, அதில் போன மாதம் பர்லாங் என்ற சொல் எப்படி வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் சால் நீளம் என்று சொன்னதுதான் பர்லாங் ஆயிற்று, ஏர் எருதுகள் மூச்சு வாங்க நிற்காமல் ஒரே ஓட்டமாக உழுது போகிற தூரம் அது, இருநூற்று இருபது கஜம் என்று. ஆம்புரோஸ் அதை மதுக்கடையில் உரக்க வாசித்திருக்கிறான். அங்கே கொல்லர் ஐசக் டப்பன் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் லெட்டியைத்தான் ஆம்புரோஸ் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். டப்பன் குதிரைக்கு லாடம் அடிக்கிறவர், எருது என்றால் அவருக்கு இளக்காரம். எருது நாற்பது கஜத்தில் படுத்துவிடும் என்று அவர் சொல்ல, படுக்காது, பத்திரிகையிலேயே போட்டிருக்கிறது என்று இவன் சொல்ல, பேச்சு வளர்ந்துவிட்டது. கடைசியில் டப்பன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "உழவுப் போட்டி அன்னிக்கு ஒரு பர்லாங்கு நிக்காம உழுது காட்டு, எம்பொண்ணைத் தர்றேன். நின்னுச்சுன்னா எங்க வாசப்பக்கம் உன்னைப் பாக்கக்கூடாது" என்றாராம். உங்கள் பத்திரிகையின் நாலு வரி ஒரு பிள்ளையின் வாழ்க்கையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள்.

எங்களிடம் குதிரைதான் உண்டு. மலைச்சரிவில் பண்ணை வைத்திருக்கும் என் தம்பி ஓபதியாவிடம் ஒரு ஜோடி எருது இரவல் வாங்கினோம். துடுக்கு, துள்ளல் என்று பெயர். பெயரோடு சரி. இருந்தாலும் மலை போல உடம்பு, செக்கச்செவேல் நிறம். ஆம்புரோஸ் கொம்புக்கெல்லாம் எண்ணெய் தடவினான். போட்டி அன்று இருநூற்று இருபது கஜத்துக்குக் கொடி நட்டு, பாதிரியார் கடிகாரத்தோடு நின்றார், சீமாட்டிகள் தேநீர்க் கூடாரத்தில் இருந்தார்கள். எருதுகள் தேர் போலக் கிளம்பின. நான் அழுதேவிட்டேன். எழுபது கஜம் போயிருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் இடது பக்கம் திரும்பி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தன. களைப்பு இல்லை ஐயா, ஒரு பெருமூச்சுகூட இல்லை. அதட்டித் திருப்பி மறுபடி ஓட்டினான், மறுபடி எழுபதாவது கஜத்தில் திரும்பின. அந்தப் பக்கக் கோடியிலிருந்து ஓட்டினான், அங்கேயும் எழுபது. டப்பன் சிரித்த சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. நானே போய் அந்த எழுபதாவது கஜத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவை என்னையும் சுற்றிக்கொண்டு திரும்பின. என் சால்வை துள்ளலின் கொம்பில் மாட்டி, நானும் கூடவே எழுபது கஜம் வந்தேன். இந்த வட்டாரத்தில் எருதோடு ஜோடியாக நடந்த பெண்பிள்ளை வேறு யாரும் இருக்க மாட்டார்கள். முழங்கால் அப்போது போனதுதான். போகிற போக்கில் கலப்பை கொடிக் கயிற்றை இழுக்க, அந்தக் கயிற்றை எந்தப் புத்திசாலியோ கூடாரக் கம்பத்தில் கட்டியிருக்க, கூடாரம் படுத்துவிட்டது. உள்ளே சீரகக் கேக் தின்னப் போயிருந்த டப்பன்மேல்தான் படுத்தது. அவர் வெளியே வந்தபோது மீசை முழுக்கச் சீரகம். கல்யாணப் பேச்சு அதோடு முறிந்தது.

மறுநாள் ஓபதியாவைப் பிடித்துக் கேட்டேன். அவன் வயலின் நீளமே, காட்டுக்கும் குட்டைக்கும் நடுவே, எழுபது கஜம்தான். ஒன்பது வருஷமாக அவை அதைத்தான் உழுகின்றன. அந்த இடம் வந்தால் தானாகத் திரும்பும், சொல்லவே வேண்டாமாம். "இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்றேன். "நீ கேக்கலையே அக்கா" என்கிறான்.

ஆகையால் ஐயா, நான் கேட்பது சின்ன உதவி. எருது போகிற தூரம்தான் பர்லாங் என்று எழுதியவர் நீங்கள். எந்த எருதைக் கேட்டு இருநூற்று இருபது என்று எழுதினீர்கள்? துடுக்கும் துள்ளலும் எருது இல்லையா? அடுத்த இதழில் பர்லாங்கு என்பது எழுபது கஜம் என்று ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். ஆம்புரோஸ் அதை நான்கு முறை நிற்காமல் உழுதிருக்கிறான், பாதிரியாரே சாட்சி. டப்பன் அச்சில் வந்ததை மறுத்துப் பேச முடியாது. பிள்ளை மூன்று நாளாகப் புட்டிங்கைத் தொடவில்லை. அவன் தொடாத புட்டிங்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

உங்கள் வீட்டு அம்மாவுக்கும் அச்சுக் கோக்கிற பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் பேனாவையும் அதிலுள்ள மையையும் காப்பாராக.

இப்படிக்கு,
ஹெப்ஸிபா பென்ஃபோல்ட்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் லெட்டியே வந்து நிற்கிறாள். நேற்று அவள் அப்பனிடம், "ஞாயித்துக்கிழமை தவறாம என்னைப் பாக்க இருபத்துநாலு பர்லாங்கு நிக்காம நடந்து வர்றது ஆம்புரோஸா, எருதா? எனக்கு யாரைக் கட்டிவைக்கறதா இருக்கீங்கப்பா?" என்று கேட்டிருக்கிறாள். டப்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, இருபத்துநாலா, மலையேற்றத்திலா என்று அசந்துபோய்ச் சம்மதித்துவிட்டார். கிறிஸ்துமஸுக்குக் கல்யாணம், நீங்களும் வர வேண்டும். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். நீங்கள் எழுபது என்று போட்டால் என் பேரன் நடந்த மூன்று மைல் ஒரு மைல்கூடத் தேறாது, அந்த மனுஷன் உடனே பின்வாங்கிவிடுவார். பர்லாங்கைத் தொடாதீர்கள். கல்யாணம் முடிகிறவரை ஒரு முப்பது கஜம் கூட்டிப் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.