ஓடிபி அக்காவின் கள்ளக் குரல்கள்

கோலசிலாங்கூரில் ஓடிபி அக்காவிடம் ஏமாறாத கடைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. இத்தனைக்கும் யாரிடமும் அவர் ஐந்து காசு எடுத்ததில்லை. ஆனாலும் அவர் தலை தெரிந்தால் கல்லாவை மூடிவிட்டுச் சிரிக்கும் பழக்கம் எங்கள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். இணையத்தில் ஏமாந்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், சிறு வியாபாரிகளுக்கு ஞாயிறு தோறும் கோயில் மண்டபத்தில் இலவச வகுப்பு என்று அறிவித்தார். முதல் வாரம் வந்தவர் பூசாரி மட்டும். அவரும் மண்டபத்தைப் பூட்ட வந்தவர்.

அதற்குப் பிறகுதான் அக்கா போனில் குரல் மாற்ற ஆரம்பித்தார். ஒருநாள் பேங்க் அதிகாரி, இன்னொரு நாள் பார்சல் கம்பெனி. போனுக்கு வந்த ஆறு எண் ரகசியக் குறியீட்டை, அதாவது ஓடிபியை, யாராவது படித்துக் காட்டினால் தீர்ந்தது, உடனே நேரில் வந்து நிற்பார். அபராதம், ஞாயிறு வகுப்பு. மண்டபம் நிறைந்தது. பக்கத்துக் கடைக்காரரும் ஏமாந்தாரா என்று பார்க்கும் ஆசையில் சிலர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்தார்கள்.

மளிகைக்கடை மாமாவின் இணையக் கணக்கை அவர் கண்ணெதிரிலேயே அக்கா திறந்து காட்டினார்.

"எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

"சாமி படம் செவுத்துல, லோரி நம்பர் வாசல்ல. சேத்துப் போட்டேன். நம்மாளுங்க முக்காவாசிப் பேருக்கு இதான் மாமா பாஸ்வர்ட்."

மாமா அன்றே பாஸ்வர்டிலிருந்து முருகனை எடுத்துவிட்டுப் பிள்ளையாரைப் போட்டார். லோரி அதே லோரி. மறுவாரமும் வகுப்புக்குப் போனார்.

சாப்பாட்டுக்கடை பாய் அசந்த நேரத்தில், அவருடைய கியூஆர் ஸ்டிக்கர்மேல் அக்கா தன்னுடையதை ஒட்டிவிட்டார். மத்தியானம் வரை பாய் போட்ட ரொட்டிக்கெல்லாம் பணம் அக்கா கணக்குக்குப் போனது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் வகுப்புக்குக் கூப்பிட்டார். பாய் இன்றும் கடை திறந்தவுடன் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்.

எங்கள் வீட்டையும் விடவில்லை. என் மனைவி செல்வி முறுக்கு சுட்டு விற்கிறாள். ரவாங்கிலிருந்து சுங்கை செம்பிலாங் வரை ஆர்டர் எல்லாம் அவள் போனில்தான். நான் மத்தியானம் கண்ணயர்ந்தால் போதும், பார்சல் கம்பெனி கூப்பிடும். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் செல்வியின் கை முழுக்க மாவு. போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஓர் ஆண் குரல், கணக்கு மூடப்படப் போகிறது, போனுக்கு வந்த எண்களை உடனே சொல்லுங்கள் என்றது.

செல்வி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "எழுதிக்குங்க. பச்சரிசி நாலு, உளுந்து ஒண்ணு..."

"நாலு, ஒண்ணு... அப்பறம்?"

"அப்பறம் வெண்ணெ. ஆம்பள குரல் நல்லா வந்துருக்குக்கா. தொண்டதான் கட்டிருக்கு, சுக்கு காப்பி குடிங்க லா."

"நான் பேங்க் ஆபிசர்மா!"

"சரிங்க ஆபிசர். முறுக்கு எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்குங்க."

அவன் மிரட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் திட்டிவிட்டு வைத்தான். அக்கா இன்றைக்கு ரொம்பவே உழைக்கிறார் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் அக்கா வந்து நின்றார். போன் அவர் கையில் இல்லை. சார்ஜில் போட்டுவிட்டுக் கடையிலிருந்து நடந்தே வந்தாராம்.

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் ஆர்டர் எடுக்கும் கணக்கைத் திறக்கும் அந்த ஆறு எண்கள் போனில் அப்படியே இருந்தன. வாய்தவறிச் சொல்லியிருந்தால் தீபாவளி ஆர்டர் அத்தனையும் போயிருக்கும். அவள் பெயரில் வாடிக்கையாளர்களிடம் எவனோ பணம் கேட்டுக்கொண்டிருப்பான்.

அக்கா வகுப்பு எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. போனில் செய்ய வேண்டியதைச் செய்து பூட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து முறுக்கு அச்சை வாங்கினார்.

"நீ குடுக்கலல்ல? அது போதும்மா. எண்ணெ காயுது பாரு."

மாவு தீரும்வரை அவர்தான் பிழிந்தார். முறுக்கு ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. அவற்றை விற்க எனக்கு மனம் வரவில்லை, நாங்களே சாப்பிட்டோம்.

போன வாரம் முழுக்க அக்காவிடமிருந்து ஒரு கள்ளப் போன்கூட வரவில்லை. வீடு ஒரு மாதிரியாக இருந்தது. பொறுக்க முடியாமல் செல்வியே கூப்பிட்டாள்.

"என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா? எங்கள ஏமாத்தவே மறந்துட்டீங்க?"