நாலாவது ஆள்

எப்படியாவது மதியத்துக்குள் போட்டியிலிருந்து வெளியே தள்ளப்பட்டுவிட வேண்டும் என்று அன்செல்மோ பிரெசான் முடிவு செய்தபோது சனிக்கிழமை வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. மைதானம் முழுக்கத் தொப்பை வைத்த வக்கீல்களும் பல் டாக்டர்களும் ஆள்காட்டி விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு, குனிவதும் ஓடுவதும் திரும்புவதுமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்ஜென்டினாவின் தேசியக் கைத்துப்பாக்கிப் போட்டிக்கு வந்திருக்கும் வீரர்கள் இவர்கள்தான். களத்துக்குக் களம் ஓடி அட்டைகளைச் சுட வேண்டும். வேகத்துக்கும் மதிப்பெண், குறி தப்பாமல் சுடுவதற்கும் மதிப்பெண்.

அன்செல்மோ ஒத்திகை பார்க்கவில்லை. தண்ணீர்ப் பீப்பாய் மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். வில்லாகுவாய் ஊரில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் தூக்கம் விற்கிற மனிதர் கோர்தொபா வரைக்கும் வந்து லாட்ஜ் கட்டிலில் தூங்காமல் கிடந்தார்.

இந்த விளையாட்டு அவருக்குப் பிடிக்காது. எப்போதுமே பிடித்ததில்லை. கல்யாணமான புதிதில் மனைவியின் அண்ணன் எவாரிஸ்தோ, "வா மாப்ள, சும்மா ஒரு நாள் வந்து பாரு" என்று கூப்பிட்டார். புது மாப்பிள்ளை, மறுக்க முடியவில்லை. அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. எவாரிஸ்தோ கிளப்பின் தலைவர் வேறு.

இந்த வருஷம் விஷயம் முற்றிவிட்டது. நாளை ஞாயிறு மத்தியானம் அன்செல்மோவுக்கும் சுல்மாவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். வீட்டில் விருந்து. தோட்டத்தில் ஆட்டுக்குட்டியை முழுசாகத் தீயில் வாட்டுவது வீட்டு ஆண்பிள்ளையின் வேலை. போன வருஷம் அவள் பிறந்தநாளை ஏதோ மாகாணப் போட்டி விழுங்கிவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் மகளின் பட்டமளிப்பு. இந்தத் தடவை சுல்மா கத்தவில்லை. கத்தாததுதான் அன்செல்மோவைப் பயமுறுத்தியது.

"நாளைக்கு மேசையில உங்க நாற்காலி போடுவேன். அதுல நீங்க உக்காரலேன்னா, இனிமே போட மாட்டேன். அவ்வளவுதான்" என்றாள் காலையில் போனில்.

பேசாமல் கிளம்பிப் போகலாமே என்றால், முடியாது. அணியை விட்டு ஓடியவன் என்று எவாரிஸ்தோ சாகிறவரை சொல்லிக் காட்டுவார். ஆனால் நடுவர் வெளியேற்றினால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கட்டிப்பிடித்து, காபி வாங்கிக் கொடுத்து, கண்ணியமாக அனுப்பிவைப்பார்கள். அணிக்கும் நஷ்டமில்லை. அணியில் நாலு பேர். நல்ல மதிப்பெண் எடுத்த மூன்று பேர் கணக்குத்தான் சேரும். நாலாவது ஆள் எப்போதுமே அன்செல்மோதான்.

ஊரிலிருந்து வரும் வழியிலேயே காரில் இதை எவாரிஸ்தோவிடம் கேட்டு உறுதிசெய்துவைத்திருந்தார்.

"மச்சான், நம்மள்ல ஒருத்தரை வெளியேத்திட்டா அணி கவுந்துடுமா?"

"ஒருத்தர் போனா ஒண்ணும் ஆகாது மாப்ள. ரெண்டாவது ஆளும் போனாத்தான் கதை முடிஞ்சுது. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

அதற்கப்புறம் எவாரிஸ்தோ வெகுதூரம் வாயே திறக்கவில்லை. அவருக்கு அது பழக்கமே இல்லாத காரியம்.

வெளியேற்றப்பட ஆபத்தில்லாத வழி ஒன்று உண்டு. துப்பாக்கியை, அது காலியாகவே இருந்தாலும், களத்தில் நடுவர் சொல்லும்போதோ அதற்கென்று போட்டிருக்கும் மேசையிலோதான் தொடலாம். வேறு எங்கே உறையிலிருந்து எடுத்தாலும் அந்த நிமிஷமே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ரமோனா அக்காவின் சோரிப்பான் கடை நல்ல இடம் என்று அன்செல்மோ தீர்மானித்தார். ரொட்டியில் வைத்த சாசேஜுக்காக எப்போதும் இரண்டு நடுவர்களாவது அங்கே நிற்பார்கள்.

எழுந்தார். முழங்கால் சத்தம் போட்டது. கடையை நோக்கி நடந்தார்.

பாதி வழியில் கைதட்டல் கேட்டது. உடனே நடுவரின் குரல்: "நிறுத்துங்க! அப்படியே நில்லுங்க!"

ரமோனா கடையில், கடுகுச் சாஸ் சட்டிக்குப் பக்கத்தில், கையில் துப்பாக்கியோடு எவாரிஸ்தோ நின்றுகொண்டிருந்தார்.

"ஐயோ! இடுப்புல குத்துதேன்னு எடுத்துட்டேன்! யோசிக்கவே இல்லை!" என்று அலறினார். எத்தனையோ வருஷமாகப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு விதிகளை ஒப்பிக்கிற மனிதர். நடுவருக்கே சங்கடமாகிவிட்டது. துப்பாக்கி காலி என்று பார்த்துவிட்டு, தோளைத் தட்டி, போட்டியிலிருந்து நீக்கினார்.

எவாரிஸ்தோ தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். யாரோ காபி வாங்கி வந்தார்கள். அன்செல்மோவுக்கு வந்திருக்க வேண்டிய காபி.

"மாப்ள, இனிமே இங்க நான் முகம் காட்ட முடியாது. நான் ஊருக்குக் கிளம்புறேன்."

"இந்த மனநிலையில தனியா வண்டி ஓட்டக் கூடாது மச்சான். நானும் கூட வர்றேன்" என்றார் அன்செல்மோ. இவ்வளவு பாசமாக அவர் மச்சானிடம் பேசியதே இல்லை.

"நீயா? கிறுக்கா உனக்கு? இப்ப நீதான் மூணாவது ஆளு! நீ போனா அணியே இல்லை!"

அன்செல்மோ திரும்பிப் பார்த்தார். அணியின் மற்ற இருவர் பின்னாலேயே நின்றிருந்தார்கள். நோட்டரி கிரிசெல்டா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாட்டின் சிறந்த பத்துப் பேரில் ஒருத்தி. அவள் பிடி சட்டையைத் தாண்டி எலும்பில் பதிந்தது. மற்றவர் பெரியவர் பல்தசார். பழைய கசாப்புக் கடைக்காரர், எழுபது தாண்டியவர். இது தன் கடைசிப் போட்டி என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். இதுவரை ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை.

"நீ இருக்கேல்ல தம்பி, அது போதும்" என்றார் பெரியவர்.

எவாரிஸ்தோவின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அவர்களிடம் இருந்த ஒரே கார் அதுதான்.

சரி, சாயங்காலத்துக்குள் எல்லாக் களமும் முடிந்துவிட்டால் ராத்திரி பஸ் இருக்கிறது. ஏறினால் விடிந்ததும் ஊரில் இறங்கி, குளித்துவிட்டு, தீ மூட்டலாம். ஆக, வேலை வேகமாக நடக்க வேண்டும். அன்செல்மோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

ஒருவர் சுட்டு முடித்ததும் நடுவர் அட்டைகளில் ஓட்டைகளைப் பார்த்து மதிப்பெண் சொல்வார். பிறகு மற்றப் போட்டியாளர்கள் காகித நாடாவால் ஓட்டைகளை ஒட்டி மூடுவார்கள். இதில்தான் நேரம் போகிறது. அன்செல்மோ நாடாச் சுருளோடு பாய்ந்தார். இந்த அட்டை, அந்த அட்டை, மூலையில் இருந்த அட்டை.

"அன்செல்மோ! அதை நான் இன்னும் பாக்கலை!" என்று கத்தினார் நடுவர்.

பார்க்காத அட்டையை ஒட்டிவிட்டால் மதிப்பெண் கிடையாது. சுட்டவர் முதலிலிருந்து மறுபடி சுட வேண்டும். சுட்டவர் ரொசாரியோவிலிருந்து வந்த பல் டாக்டர். தன் வாழ்நாளிலேயே நன்றாகச் சுட்டது இப்போதுதான் என்று அவர் சத்தியம் செய்தார். தலைமை நடுவரைக் கூப்பிட்டார்கள். பல் டாக்டர் அவரிடம் வாதாடினார், அழாத குறை. கடைசியில் திரும்பச் சுட்டார், மோசமாகச் சுட்டார், மறுபடி வாதாடினார். ஒரு மணி நேரம் போனது.

"நாடாவை இப்படிக் கொடுங்க" என்று கிரிசெல்டா பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த களத்தில் அன்செல்மோ வேறு வழி கண்டார். தன் முறையையாவது சட்டென்று முடித்துவிடலாம். பீப் ஒலித்ததும் குறியைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடினார். அட்டை, அட்டை, இரும்புத் தகடு, சுவரைத் தாண்டினால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டு வர வேண்டிய அட்டை. அது வரவில்லை. கயிறு சிக்கியிருந்தது.

"நிறுத்துங்க. கருவிக் கோளாறு. திரும்பச் சுடணும்" என்றார் நடுவர்.

"எனக்கு வேண்டாம் சார். இப்ப எடுத்ததே போதும்."

"உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு யாரும் கேக்கலை. விதி."

"பூச்சியம்னு போட்டுக்குங்களேன்."

"ஐயா, இருபது வருஷமா நடுவரா இருக்கேன். பூச்சியம் கேட்டு வாங்குற முதல் ஆளு நீங்கதான்."

கயிற்றை மாற்ற ஆள் வர வேண்டும். அந்த ஆள் சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டு மர நிழலில் படுத்துவிட்டார். எழுப்பிக் கூட்டிவந்து கயிறு கட்டியதும் அன்செல்மோ திரும்பச் சுட்டார். அதற்குள் அவருக்கு எல்லாம் விட்டுப்போயிருந்தது. அவசரம் இல்லை, ஆசை இல்லை, பயமும் இல்லை. சும்மா நடந்து சும்மா சுட்டார். அத்தனையும் நடுவில் விழுந்தது.

"இவ்வளவு நாள் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றாள் கிரிசெல்டா.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. கடைசிக் களம் நாளைக் காலையில் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

அன்செல்மோவின் கை தானாக உறைப் பக்கம் போனது. இரண்டு நடுவர்கள் எதிரிலேயே நின்றார்கள். லேசாக ஒரு இழு, அவ்வளவுதான், பஸ்ஸைப் பிடித்துவிடலாம். சுல்மாவின் முகம் வந்தது. அவளை அவருக்குப் பிடிக்கும், இத்தனை வருஷம் கழித்தும் நிஜமாகவே பிடிக்கும். அதை நாளை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்ல முடியும்.

"தம்பி, கேட்டியா? நாம மூணாவது இடத்துல இருக்கோமாம்" என்று பல்தசார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "மூணாவதுன்னாலும் பதக்கம் பதக்கம்தானே?"

கை கீழே இறங்கிவிட்டது.

நாளை வர முடியாது என்று அன்செல்மோ போனில் சொன்னதைச் சுல்மா கேட்டுக்கொண்டாள். "சரி. உங்க நாற்காலி காலியா இருக்காது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் அவர்கள் மூன்றாவது இடம் பிடித்தார்கள். நூலிழையில். அந்தத் திரும்பச் சுட்ட களம் இல்லையென்றால் நாலாவது இடம்தான். பல்தசார் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அன்செல்மோவும் அழுதார். அவர் அழுத காரணம் வேறு என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் போனில் படம் வந்தது. தோட்டம். நீள மேசை. பொன்னிறமாக வெந்த ஆட்டுக்குட்டி. மேசைத் தலைப்பில், அன்செல்மோவின் நாற்காலியில், அன்செல்மோவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கத்தியோடு எவாரிஸ்தோ. கீழே சுல்மா எழுதியிருந்தாள்: 'அண்ணனாவது வந்தார். எத்தனை வருஷம் கழித்து ஒரு ஞாயிறு எங்களோடு உட்கார்ந்திருக்கிறார்!'

முதலில் எரிந்தது. பிறகு, சே, பாவம் என்று தோன்றியது. அவ்வளவு பேர் முன்னால் அவமானப்பட்ட மனிதர். ஒரு வாய் கறியாவது நிம்மதியாகச் சாப்பிடட்டும். அந்த மனிதருக்கு இந்த விளையாட்டுத்தானே உயிர்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. பசித்தது. ரமோனா அக்கா கடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த ஒரு சாசேஜை ரொட்டியில் வைத்து நீட்டினாள்.

"பதக்கமெல்லாம் வாங்கிட்டீங்க, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"எங்க மச்சானை நினைச்சேன் அக்கா. நேத்து உங்க கடை முன்னாடிதானே..."

"ஆமா, பாவம் அந்த மனுஷன். காலையிலேர்ந்து துப்பாக்கியை எடுக்குறதும் வைக்கிறதுமா நின்னாரு, ஒரு நடுவராவது திரும்பிப் பாக்கணுமே! கடைசியில பொறுக்க மாட்டாம நான்தான் கை தட்டி நடுவரைக் கூப்பிட்டு விட்டேன்."