பெருமருந்துக் கொடியை நான் காப்பாற்றிய விதம்

உலகத்தில் நியாயம் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்று நினைக்கிற வயது ஒன்று எல்லாருக்கும் வரும். எனக்கு அது கலியாணம் முடித்த மூன்றாம் மாதம் வந்தது.

யுத்தகாலம். குருக்கள்மடத்துக்காரனான நான், எங்கள் பக்க வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிபோனேன். வீடு வாவிக்கு அக்கரையில், மண்டூரில். வேலை வாத்தியார். (காடு, வயல் பற்றித் தெரிந்தது பாடப்புத்தகத்தில் இருந்த அளவு.) மாமி விஷக்கடிக்கு மருந்து கொடுப்பவர். வட்டையில், அதாவது வயல்வெளியில், வேலை செய்கிறவர்களைப் பாம்பு தீண்டினால் அவரிடம்தான் தூக்கி வருவார்கள். மருந்துக்கு முக்கியம் பெருமருந்துக் கொடி. வயலுக்கென்று காட்டை வெட்டி வெட்டி, கடைசியில் ஒரு வீரை மரத்தில் படர்ந்த ஒரே கொடிதான் மிஞ்சியிருந்தது. மாமி நாலு இலை கிள்ளுவார், வேரைத் தொடமாட்டார்.

மிச்சக் காட்டையும் ஒப்பந்தத்துக்கு எடுத்து வெட்ட ஒரு கொந்தராத்துக்காரர் வந்து சேர்ந்தார். பட்டாளத்துக்கு மரம் வேண்டுமாம். பாலையும் முதிரையும் வண்டி வண்டியாகப் போயின. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அத்தனை வயதான மரத்தைச் சாய்த்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட ஒரு மனிதனுக்கு எப்படி மனம் வருகிறது? வெட்டுவதை நிறுத்தச் சொல்லி அரசாங்கக் கச்சேரிக்கு மூன்று பெட்டிசம் எழுதினேன். பதிலே இல்லை. கொந்தராத்துக்காரரிடமே நேரே போனேன்.

"வாத்தியார், நான் களவா வெட்டல்ல. அனுமதி இரிக்கு," என்றார் அவர்.

"அனுமதி தந்தவனும் கள்ளன்தான்," என்றேன். (தந்தவர் பக்கத்தில் இல்லாத தைரியம்.)

வீட்டில் வந்து குதித்தேன். மாமி அமைதியாக, "மருமகன், நீங்க சும்மா இரிங்க. நான் கதைக்கிறன்," என்றார்.

சும்மா இருப்பதா? மறுநாள் காலை மாமி எங்கோ போயிருந்தார். நான் காட்டுக்குப் போய், கொடியை வேரோடு கிண்டித் தோளில் போட்டு வந்து கிணற்றடியில் நட்டேன். வேர் இரண்டு இடத்தில் முறிந்தது. கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. இரண்டையும் நான் பொருட்படுத்தவில்லை. பந்தல் போட்டு, பாராட்டுக்குக் காத்து நின்றேன்.

மாமி வந்தார். கொடியைப் பார்த்து அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கொந்தராத்துக்காரர்ட்டத்தான் போய் வாறன். அவர்ர ஆளொருத்தனுக்குப் போன மாசம் பாம்பு கடிச்சி, நான்தானே மருந்து குடுத்த. அந்த வீரையில கை வைக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணித் தந்திட்டார். நீங்க என்ன செய்து வெச்சிரிக்கிறீங்க?"

ஆறாம் நாள் கொடி கருகியது. கொந்தராத்துக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. வெட்டிய வெளியின் நடுவே அந்த வீரையை மட்டும் விட்டுப் போனார். அவரைக் கள்ளன் என்று திட்டியவன் நான். அவரே விட்டுவைத்த கொடியைக் கொன்றவனும் நான்.

அதன் பிறகு பாம்பு கடித்தவர்களைத் தோணியில் ஏற்றி அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சிலர்தான் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு தோணிக்கும் நான் துறையில் நிற்பேன். வீட்டுக்கு வந்தால் மாமி ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டிருக்கலாம்.

பெட்டிசம் எழுதுவதை நான் இன்னும் விடவில்லை; காடு வெட்டுவதை அவர்களும் விடவில்லை. வீட்டில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை கூடியிருக்கிறது. போன கிழமை கன்றுக்குட்டி நொண்டியது. என் மனைவி பிள்ளைகளிடம் மெதுவாகச் சொன்னாள்:

"அப்பாட்டச் சொல்லாதீங்க. காப்பாத்திப் போடுவார்."