காப்புறுதிக்காரருக்கு ஒரு தெம்பிலி

நம் ஆட்களிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு யாரும் எந்த உண்மையையும் தெரிந்துகொண்டதில்லை. கால் ஒடிந்து கட்டிலில் கிடப்பவரும் "நல்லா இருக்கேன், நீங்க எப்படி?" என்றுதான் சொல்வார். விசாரிக்க வந்தவரின் மனம் வாடிவிடக் கூடாது பாருங்கள். இந்தப் பழக்கத்தால் ஒரு மனிதர் தன் வலது கையை இழக்கப் பார்த்தார். அவரைக் காப்பாற்ற நான் குறுக்கே பாய்ந்ததில் இன்னொருவரின் கால் பெருவிரல் முறிந்தது.

அப்போது நான் கண்டிக்கு வடக்கே அலுவிகாரையில் ஒரு மசாலாத்தூள் மில்லில் நலன்புரி உத்தியோகத்தராக இருந்தேன். (பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். தலைவலி என்று வருபவருக்கு மாத்திரை கொடுப்பேன், மிச்ச நேரம் மிளகாய் நெடியில் தும்முவேன்.) வேலைக்குச் சேர்ந்த புதிது. உலகத்தில் எந்தச் சிக்கலையும் முன்கூட்டியே திட்டம் போட்டால் தீர்த்துவிடலாம் என்று நம்பிய காலம் அது.

அரைக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்த செபஸ்தியான் அண்ணனின் வலது கை ஒருநாள் பெல்ட்டில் மாட்டி, விரல் நரம்புகள் அறுந்துவிட்டன. பெரியாஸ்பத்திரியில் தைத்து, கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். காயமும் ஆறியது. விரல்கள் மட்டும் மடங்க மாட்டேன் என்றன. இன்னொரு ஒப்பரேஷன் செய்து பிறகு பயிற்சியும் கொடுத்தால் பிடிமானம் திரும்பும், தள்ளிப்போட்டால் கை அப்படியே இறுகிவிடும் என்றார் டாக்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் வரிசை நீளம். கண்டியில் பிரைவேட்டாகச் செய்யலாம், ஆனால் அதற்கு மில்லின் காப்புறுதிக் கம்பெனி முதலில் சம்மதிக்க வேண்டும். 'காயந்தான் ஆறிவிட்டதே, இனி எதற்குச் செலவு?' என்பது அவர்கள் கேள்வி. நேரில் பார்த்துவர ஓர் அதிகாரியை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

"ஒண்ணும் பிழையாப் போயிறக் கூடாது மிஸ்" என்றார் மெனேஜர்.

"நான் இருக்கேன்ல சேர்" என்றேன். (அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.)

அதிகாரி வருவதற்கு முன்பே செபஸ்தியான் அண்ணன் வீட்டுக்குப் போய் வகுப்பெடுத்தேன்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் மரியாதையா பேசாதீங்க. வலிக்குதான்னு கேட்டா வலிக்குதுன்னு உள்ளதச் சொல்லுங்க. வலது கைய நீட்டிக்கிட்டு எதையும் தூக்கப் போயிறாதீங்க. ஈ வந்தாலும் இடது கையால வெரட்டுங்க."

"சரிங்க மிஸ்."

"எங்க, சொல்லுங்க பாப்பம். கை எப்படி இருக்கு?"

"பரவால்லைங்க மிஸ்."

தலையில் அடித்துக்கொண்டேன். தவழும் வயது மகளை இடுப்பில் வைத்திருந்த அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, "இவரத் திருத்த ஏலாதுங்க மிஸ். இவளப் பெத்துக்கப் போறப்ப வேன்ல நான் கத்திக்கிட்டு கெடக்கேன், டிரைவர் கேட்டதுக்கு 'நல்லா இருக்காங்க'ன்னு பதில் சொன்ன மனுசன்" என்றார்.

அதிகாரி ரிஸ்வான் சேர் வந்தார். நல்ல பாரியான உடம்பு. வாசலிலேயே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்தார். "ஐயோ, போட்டுக்கிட்டே வாங்க சேர்" என்று எல்லோரும் கெஞ்சினோம். "வீடு தானே, அது சரியில்ல" என்று வெறுங்காலோடு உள்ளே வந்தார். நல்ல மனிதர். எனக்கு அதுதான் வசதிப்படவில்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"செபஸ்தியான், கை இப்ப எப்படி இரிக்கி?"

"நல்லா இருக்கு சேர். ஆண்டவர் கிருபையில ஒரு கொறையும் இல்ல."

ரிஸ்வான் சேரின் பேனா ஓடியது. நான் இருமினேன்.

"வலி இரிக்கா?"

"பெருசா சொல்றாப்ல ஒண்ணுமில்ல சேர்."

பலமாக இருமினேன்.

"விரல் மடங்குதா?"

"மெதுவா மடங்கிரும் சேர். நீங்க அலைஞ்சு வந்திருக்கீங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

நான் இருமிய இருமலில் கூரைத்தகரம் அதிர்ந்தது. ரிஸ்வான் சேர் கவலையோடு என்னைப் பார்த்து, "மிஸ்ஸுக்குத்தான் சுகமில்ல போல" என்றார். அப்புறம் பைலை மூடினார். "டொக்டர்ட கடிதம் இரிக்கி, சரி. ஆனா ஆளே நல்லா இரிக்கேன்னு சொன்னா நான் என்னத்த எழுதுற?"

அப்போது ஸ்டெல்லா அக்கா டீயோடு வந்தார்.

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி. கிளெய்ம் கேட்ட வீட்டுல ஒண்ணும் குடிக்கக் கூடாது. எங்கட கம்பெனி சட்டம்."

வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கை போனது ஒரு பக்கம் இருக்கட்டும், வந்த மனுசன் வாய் நனைக்காமல் போவதா? அவ்வளவு நேரம் மரமாக உட்கார்ந்திருந்த செபஸ்தியான் அண்ணன் துள்ளி எழுந்தார்.

"டீ வேணாம்னா விடுங்க சேர். ஒரு தெம்பிலி வெட்டுறேன்."

பின்வாசலை ஒட்டிக் குட்டையாக ஒரு தெம்பிலி மரம், குலை குலையாகச் செம்மஞ்சள் இளநீர். சுவரில் தொரட்டி சாத்தியிருந்தது. அவருடைய வலது கை அதை நோக்கி நீள்வதைக் கண்டேன். போச்சு! 'நல்லா இருக்கு' என்று வாயாலும் சொல்லியாயிற்று, இனிக் கையாலும் காட்டப் போகிறார். ஒரே பாய்ச்சலில் போய்த் தொரட்டியைப் பிடுங்கினேன்.

"நீங்க நில்லுங்கண்ணே! நான் பறிக்கிறேன்!"

என் வாழ்நாளில் நான் தொரட்டியைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் இளநீர் கடையிலிருந்து வெட்டித்தான் வரும். அந்தக் கம்பு இவ்வளவு கனம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நுனியில் இருந்த அரிவாள் முதலில் கொடிக்கயிற்றில் மாட்டியது, அடுத்து ஓலையில் மாட்டியது, கடைசியாக ஏதோ ஒரு காம்பில் மாட்டியது. அது குலையின் காம்பு என்பது எனக்குத் தெரியாது.

"மிஸ், வேணாம், விடுங்க, எனக்கு எடுக்கக் கூடாது" என்று தடுப்பதற்காக ரிஸ்வான் சேர் வெறுங்காலோடு படியிறங்கி வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

குலை பக்கத்தில் விழுந்தது. அதிலிருந்து கழன்ற ஒரு தெம்பிலி மட்டும் நேராக அவருடைய பெருவிரலில் இறங்கியது.

"யா அல்லாஹ்!" என்று ஒற்றைக் காலில் ஆடினார். பக்கத்தில் நின்ற செபஸ்தியான் அண்ணன் அவர் கையை எட்டிப் பிடித்தார். வலது கையால்தான். பிறந்ததிலிருந்து பழகிய கை அல்லவா? பிடித்தார், ஆனால் விரல்கள் மடங்கவில்லை. ரிஸ்வான் சேரின் கை வழுக்கிக்கொண்டு போக, அவர் அப்படியே பின்னால் சரிந்து, உடுப்பு ஊறப்போட்டிருந்த பேசினுக்குள் உட்கார்ந்தார்.

சுற்றிலும் சவர்க்கார நுரை வழிந்தது.

"செபஸ்தியான்," என்றார் பேசினுக்குள் இருந்தபடியே, "இறுக்கித்தானே புடிச்சீங்க?"

"இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுப் புடிச்சேன் சேர்." அண்ணன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கை இப்படித்தான் சேர். போன மாசம் புள்ளயவும் இப்படித்தான் கீழ போட்டேன். மெத்தையில விழுந்ததால தப்பிச்சா. அதுக்கப்புறம் அவளத் தூக்கவே பயமா இருக்கு."

ஸ்டெல்லா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கே அது தெரியாது. திட்டம் போட்ட எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு இருமியும் வெளியே வராத உண்மை அது.

"இத மொதல்ல சொல்றதுக்கென்ன?" என்றார் ரிஸ்வான் சேர். பிறகு, "தங்கச்சி, பைல நனையாம எடுத்து வைங்க. மிஸ், நீங்க ஒண்ணையும் தொட வேணாம்" என்றார்.

பெருவிரல் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மில்லுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். மெனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கிளெய்ம முடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பினேன். இன்னொண்ணத் தொறந்துட்டு வந்திருக்கீங்க" என்றார்.

அது உண்மையாகவே ஆனது. ரிஸ்வான் சேர் தன் பெருவிரலுக்குக் கிளெய்ம் போட்டார். விபத்து நேரத்தில் கடமையில் இருந்தாரா, இல்லை தெம்பிலி குடிக்கப் போனாரா என்று ரிஸ்வான் சேரின் தலைமைக் காரியாலயம் அவரையே கேட்டதாம். அவருக்காக நான் சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் தெம்பிலியை ஏற்கவில்லை என்றும், மறுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அது அவர்மேல் விழுந்தது என்றும் அதில் தெளிவாக எழுதினேன்.

செபஸ்தியான் அண்ணனைப் பற்றிய அவருடைய அறிக்கையும் வந்தது. 'பிடிமானம் போதாது, நேரில் உறுதி செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தார். கண்டியில் ஒப்பரேஷன் நடந்தது, பயிற்சிச் செலவும் கிடைத்தது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் மடங்காது. ஆனால் அவர் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கோயில் திருவிழாவுக்கு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "கை எப்படிண்ணே?" என்று கேட்டேன். "நல்லா இருக்குங்க மிஸ்" என்றார். முதல் தடவையாக நான் இருமவில்லை.

எனக்குக் கலியாணமாகிப் பல வருடமாகிறது. இந்தக் கதையை என் கணவரிடம் சொன்னது நான் செய்த அடுத்த பிழை. இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்து வாசலில் குனிந்தால், இவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் ஓடிப்போய்த் தடுக்கிறார்.

"சப்பாத்தக் கழட்டிறாதீங்க. இவ குடிக்க ஏதோ கொண்டாரப் போறா."