பராவ் வீட்டுக்குள் அம்மை ஏன் வரவில்லை

கட்சினா நகரில் எங்கள் தெருவுக்குத் தட்டம்மை வருமுன்னே பராவ் வைத்தியர் வந்துவிட்டார். ஊசி போட்டால் பிள்ளை மலடாகும் என்றார். தன் தோல் தாயத்தைக் கட்டினால் அம்மை வாசலோடு திரும்பிவிடும் என்றார். அம்மைக்கு அவ்வளவு மரியாதை தெரியும் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. அவர் வீட்டு முன்கூடத்தில் நிற்க இடமில்லை.

ஊசி போட்ட பிள்ளையின் சுண்டுவிரலில் சுகாதார ஊழியர்கள் மை வைப்பார்கள். மை இருந்தால் மறுபடி போடமாட்டார்கள். அதற்கும் வைத்தியர் ஒரு குப்பி மை விற்றார். தாய்மார்கள் தாங்களே பிள்ளைகள் விரலில் பூசிவிட்டு, அரசாங்கத்தையே ஏமாற்றியதாகச் சிரித்தார்கள். கிருமி விரல் பார்த்து வருவதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் தெருத் தேலுவும் பூசினாள். அவளுடைய நான்கு வயது மகன் தல்லே, கழுத்தில் தாயத்தோடு, அம்மை கண்டு, கண் இரண்டும் சீழ் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான். கைக்குழந்தை அசாபேவுக்கு இன்னும் காய்ச்சல் இல்லை, இன்றைக்கே ஊசி போட்டுவிடு என்றாள் நர்ஸ். மலடாகும் என்ற பேச்சு தேலுவை விடவில்லை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வைத்தியரிடமே போனாள்.

தாயத்தில் ஈரம் பட்டிருக்கும் என்றார் அவர். படவில்லை என்றாள். அப்படியானால் யாரோ கண் வைத்திருப்பார்கள், சின்னதுக்கு இரட்டைத் தாயத்தாகக் கட்டு என்றார். கூட்டம் தலையாட்டியது. அதில் எங்கள் தெரு கெட்டி.

“கட்டுறேன் வைத்தியரே. முதல்ல உங்க மகன் ஹாருவுக்கு ஒண்ணு கட்டி என்கூட அனுப்புங்க. தல்லே பக்கத்துல படுக்கட்டும். அவனுக்கு ஒண்ணும் வரலைன்னா உங்க தாயத்தை நானே தெருத்தெருவா வித்துத் தர்றேன்.”

ஆவிகளைக் கேட்க வேண்டும் என்று வைத்தியர் இழுத்தார். புருஷன் மானத்தைக் காப்பாற்ற, திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்.

“இதுக்கு எதுக்கு ஆவி? கூட்டிட்டுப் போ தேலு. அவனுக்குத்தான் ரெண்டு ஊசியும் போட்டாச்சே. இவருதான் தூக்கிட்டுப் போனாரு.”

ஊசி போட்டால்தான் தாயத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும் என்று வைத்தியர் விளக்கினார். கேட்க தேலு அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் அசாபே ஊசிக்கு அழுதாள். தேலு தல்லேவுக்காக அழுதாள். அசாபே பிழைத்தாள். தல்லேவுக்கு ஒரு கண் போயிற்று.

பராவ் வீட்டில் இன்றும் கூட்டம்தான். போங்கள், யார் தடுத்தது? தாயத்துக்குக் கையை நீட்டுமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: “ஐயா, உங்க பிள்ளைக்கு என்ன போட்டீங்க?”